மேடைக்கு முந்தைய வாரத்தில் தண்ணீர்: ஆணழகன் போட்டியாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆணழகன் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜிம்மில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரை எப்போது நிறுத்துகிறாய்? முதல்நாள் மதியம் என்பார் ஒருவர். முழுதாக ஒரு நாளாவது வேண்டும் என்பார் இன்னொருவர். நா வறண்டு, உதடு வெடித்து, எச்சில் விழுங்கவும் முடியாமல் மேடையேறுவதைத் தவம் போலப் பேசுபவர்களும் உண்டு. நிறுத்தத்தான் வேண்டுமா என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தசை நிறைவாகவும் கோடுகள் தெளிவாகவும் தெரிய வேண்டுமானால் கடைசி வாரத்திலும் தண்ணீர் குடிக்க வேண்டும். எவ்வளவு, எதனோடு, எந்த நேரத்தில் என்பதைத்தான் திட்டமிட வேண்டும். அந்தத் திட்டத்தைப் போட்டிக்கு 8 வாரம் முன்பிருந்து போட்டி முடிந்த மறுவாரம் வரை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

தண்ணீரை நிறுத்தினால் உடலில் நடப்பது

"தோலுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் கட்டிங் (தசைக் கோடுகளின் தெளிவு) வந்துவிடும்" என்ற நம்பிக்கையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. தசையின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தண்ணீர். உடலில் இருக்கும் மொத்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் இருக்கிறது. மீதி இரத்தத்திலும் திசு இடுக்குகளிலும் இருக்கிறது. இவற்றுக்கு இடையே நீர் ஓயாமல் போய்வருகிறது. குளத்தின் ஒரு கரையில் மட்டும் நீரை இறைத்து, மறுகரையை நிறைவாக வைத்திருக்க முடியாது. தண்ணீரைக் குறைத்தால் தோலடி நீரோடு இரத்தத்தின் நீரும் தசையின் நீரும் சேர்ந்தே குறைகின்றன.

இரத்தத்தின் அளவு குறையும்போது மேடைக்குப் பின்னால் எவ்வளவு ரப்பர் பட்டை இழுத்தாலும் பம்ப் ஏறாது, அதாவது தசையில் இரத்தம் நிறைந்து அது புடைக்காது. நரம்பு என்று நாம் சொல்லும் இரத்த நாளங்கள் புடைப்பதற்கும் அதே இரத்த அளவுதான் வேண்டும். இதற்கிடையே உடலும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் குறைந்தால் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடிச் சிறுநீரகத்தை நீரைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. உப்பு குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் கூடி உப்பையும் அதோடு நீரையும் தேக்குகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் வெட்டுகிறவர், தான் விரும்பியதற்கு நேர் எதிரான வேலையை உடலுக்குக் கொடுத்துவிடுகிறார்.

அப்படியானால் மேடையில் மங்கலாகத் தெரிவது எதனால்? பெரும்பாலும் கொழுப்பால். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடையின் பின்புறத்திலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் கோடு விழவில்லை என்றால் அது தண்ணீர் அல்ல. உணவுக்கட்டுப்பாடு இன்னும் இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று பொருள். அதைத் தண்ணீரை வைத்துச் சரிசெய்ய முடியாது.

இந்தத் துறையில் இதற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. பிரான்சுக்காகப் போட்டியிட்ட முகமது பெனாசிசா, 1992 அக்டோபரில் நெதர்லாந்தில் நடந்த போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்தார். நீர்ச்சத்து இழப்பும் சிறுநீர் பெருக்கி மருந்துகளும் அந்த மரணத்தோடு சேர்த்தே பேசப்படுகின்றன. 1994-ல் அமெரிக்காவின் ஆர்னால்டு கிளாசிக் போட்டி மேடையில் கனடாவின் பால் டில்லெட் போஸ் கொடுத்த நிலையிலேயே தசைகள் இறுகி அசைய முடியாமல் நின்றார். அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்சர் 1996 மார்ச்சில், தன் கடைசிப் போட்டி முடிந்த சில நாட்களில், உள்ளுறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்து 31 வயதில் இறந்தார். மூவரும் உலகத் தரத்தில் இருந்தவர்கள், அனுபவம் இல்லாதவர்கள் அல்ல.

முதல் படி: இரத்தப் பரிசோதனை (8 வாரம் முன்பு)

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா, அவற்றோடு சோடியம், பொட்டாசியம், இரத்த அழுத்தம் இவ்வளவு போதும். லிட்டருக்குச் சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 மில்லிமோல் என்பது வழக்கமான எல்லை. சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் கீழே சொல்லும் எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. மாஸ்டர் சொன்னார் என்பது இதில் செல்லாது.

இரண்டாம் படி: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள் (8 முதல் 4 வாரம் முன்பு)

"ஒரு நாளைக்கு 8 லிட்டர்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. 58 கிலோ எடையுடன் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை செய்பவருக்கும், 88 கிலோ எடையுடன் மே மாத வெயிலில் பைக்கில் சுற்றுபவருக்கும் தேவை ஒன்றல்ல.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன்பு, எடை பாருங்கள். அளவுக் கோடு போட்ட ஒரே பாட்டிலில் தண்ணீர் குடியுங்கள். நாள் முடிவில் எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று எழுதிவையுங்கள். தொடக்கக் கணக்காக ஒரு கிலோ எடைக்கு 35 முதல் 40 மி.லி. வைத்துக்கொள்ளலாம். 70 கிலோ உள்ளவருக்கு இது சுமார் 2.5 முதல் 2.8 லிட்டர். இதனோடு வியர்வையில் போவதைச் சேர்க்க வேண்டும்.

வியர்வைக் கணக்கு எளிது. பயிற்சிக்கு முன் எடை 70 கிலோ, பின் 69.2 கிலோ, நடுவில் குடித்தது 600 மி.லி. என்றால் போன வியர்வை 1.4 லிட்டர். (இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள், வியர்வை ஊறிய பனியனோடு எடை பார்க்காதீர்கள்.) ஆக, இவருக்கு ஒரு நாள் தேவை ஏறக்குறைய 4 லிட்டர். உங்களுக்கு மூன்றாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். நான்கு வாரம் எழுதிப் பார்த்தால் அந்த எண் நிலைத்துவிடும்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுபவர்களுக்கு அது பளிச்சென்ற மஞ்சளாகத் தெரியும். அது பி2 வைட்டமினின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்போலத் தெளிவாக வர வேண்டும் என்று துரத்தவும் வேண்டாம். காபி குடித்துப் பழகியவர்கள் அதைத் திடீரென நிறுத்த வேண்டியதில்லை. பழகிய உடலில் அது பெரிதாக நீரை இழுத்துச் செல்வதில்லை. தசைக்காக எடுக்கும் கிரியேட்டின் பொடியையும் கடைசி வாரத்தில் நிறுத்துவது வழக்கமாக இருக்கிறது. கிரியேட்டின் இழுக்கும் நீர் தசைக்குள் போகும் நீர், அது உங்களுக்கு வேண்டியதே.

பெண் போட்டியாளர்கள் இன்னொன்றையும் குறித்துவைக்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு உடலில் நீர் தங்கி எடை கூடும். போட்டித் தேதி அந்த நாட்களில் விழுகிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட்டால், அன்றைய எடையைக் கண்டு பதறித் தண்ணீரை வெட்ட மாட்டீர்கள்.

மூன்றாம் படி: உப்பை நிலைப்படுத்துங்கள்

தண்ணீரைப் பற்றிக் கேட்கும் பத்துப் பேரில் உப்பைப் பற்றிக் கேட்பவர் அரிது. உண்மையில் நீர் எங்கே நிற்கிறது என்பதை முடிவுசெய்வதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதற்கும் சோடியம் துணை நிற்கிறது. உப்பே இல்லாமல் அரிசிச் சோற்றை மலைபோலச் சாப்பிட்டுவிட்டு "கார்ப் (மாவுச்சத்து) ஏறவில்லை, வயிறுதான் ஊதிவிட்டது" என்று புலம்புவதற்குக் காரணத்தை இங்கேயும் தேட வேண்டும்.

வேகவைத்த கோழி, முட்டை வெள்ளை, ஓட்ஸ் என்று சாப்பிடுபவரின் தட்டில் ஏற்கெனவே உப்பு குறைவு. வியர்வையோ ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியத்தை எடுத்துப் போகிறது. ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். ஒரு கிராம் சமையல் உப்பில் இருப்பது சுமார் 0.4 கிராம் சோடியம். எனவே சமையல் உப்பை ஒரு சிறு தராசில் எடைபோட்டு, ஒரு நாளுக்குரியதைத் தனி டப்பாவில் எடுத்துவைத்து, அதிலிருந்து மட்டும் பயன்படுத்துங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாஸ் ஆகியவற்றை இந்த வாரங்களில் விட்டுவிடுவது உப்பு கெட்டது என்பதற்காக அல்ல. கணக்கு தப்பிவிடும் என்பதற்காக. பல வாரமாகச் சாப்பிட்ட அதே அளவு உப்பு கடைசி நாள்வரை தொடர வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரை மட்டும் குடிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கும் தேவையில்லை. நல்ல குடிநீரில் இருக்கும் சோடியம், சாப்பாட்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

நான்காம் படி: ஒத்திகை (3 அல்லது 4 வாரம் முன்பு)

இதைச் செய்யாமல் யாரும் மேடையேற வேண்டாம். கடைசி வாரத்தில் செய்யப்போகும் கார்ப் ஏற்றத்தை, அதாவது தசை நிறைய மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடுவதை, ஒரு வார இறுதியில், சிறிய அளவில் செய்து பாருங்கள். ஒரே இடம், ஒரே விளக்கு, அதே நான்கு போஸ். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, அதன் பக்கத்தில் குடித்த தண்ணீரையும் சாப்பிட்டதையும் எழுதுங்கள். சிலருக்குக் கார்ப் ஏற்றிய அன்றே தசை நிறையும், சிலருக்கு மறுநாள்தான். எந்த அரிசி வயிற்றில் காற்றை உண்டாக்குகிறது, எத்தனை மணிக்குக் குடித்தால் எத்தனை மணிக்குக் கழிப்பறை போக வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் இதில்தான் தெரியும். ஒத்திகையில் செய்யாத எதையும் போட்டி நாளில் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: கடைசி வாரம்

போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோ எடையும், நாளுக்கு 4 லிட்டர் வழக்கமும் உள்ளவரின் வாரம் இது.

திங்கள் முதல் புதன்வரை கார்ப் குறைவு, முழு உடலுக்கும் மிதமான எடையில் அதிக எண்ணிக்கைப் பயிற்சி. தண்ணீர் 4 லிட்டர், உப்பு வழக்கம்போல. கார்ப் குறையும்போது கிளைகோஜனோடு (தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்து) நீரும் போவதால் எடை சட்டென்று இறங்கும், உடல் தட்டையாகத் தெரியும். கண்ணாடியைப் பார்த்து மனம் தளர்வது இந்த நாட்களில்தான். திட்டத்தை மாற்றாதீர்கள்.

வியாழனும் வெள்ளியும் கார்ப் ஏற்றம். ஒரு கிலோ எடைக்கு 6 முதல் 8 கிராம் வரை, அதாவது நாளுக்குச் சுமார் 420 முதல் 560 கிராம். வெள்ளைச் சோறு, இடியாப்பம், உருளைக்கிழங்கு, பொரி, தேன் ஆகியவை வயிற்றுக்கு இதமானவை. ஒரு கிராம் கிளைகோஜன் தசையில் சேரும்போது அதோடு ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்கிறது. 350 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் நீர் தசைக்குள் போக வேண்டும். அந்த நீர் எங்கிருந்து வரும்? நீங்கள் குடித்தால்தான் வரும். எனவே இந்த இரண்டு நாளும் 4 லிட்டருக்குக் குறையக் கூடாது, அரை லிட்டர் கூடினாலும் நல்லது. வியாழக்கிழமையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டே கார்ப் ஏற்றுபவர்கள் ஏன் தட்டையாக மேடையேறுகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

சனிக்கிழமை கார்ப் பாதியாகக் குறைகிறது. தண்ணீரில் பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் குடித்துவிட்டு, பிறகு தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். இதன் நோக்கம் உடலை வற்றவைப்பதல்ல, இரவில் நான்கு முறை எழாமல் தூங்குவது. மொத்தம் 3 முதல் 3.5 லிட்டர். பயிற்சி இல்லாததால் வியர்வையும் இல்லை. இது குறைப்பே அல்ல.

இங்கே "தண்ணீர் ஏற்றம்" பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று நான்கு நாள் 8, 10 லிட்டர் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துவது இதன் வழி. குத்துச்சண்டை, மல்யுத்தம் போன்றவற்றில் எடை வரம்புக்காக இது செய்யப்படுகிறது. அங்கே எடை பார்த்த பிறகு மறுபடி நீர் ஏற்றிக்கொள்ள நேரம் இருக்கும், உடல் எப்படித் தெரிகிறது என்பது அங்கே பொருட்டே இல்லை. ஆணழகன் மேடைக்கு அதில் பயன் இல்லை, ஆபத்து உண்டு. ஆரோக்கியமான சிறுநீரகமும் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு லிட்டர். உப்பையும் வெட்டியவருக்கு அந்தத் திறன் இன்னும் குறைகிறது. அதற்கு மேல் குடித்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கும் நிலைவரை போகலாம். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கும் அதைச் "சோர்வு" என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எடைப் பிரிவுக்குள் வர வேண்டியிருந்தால்

தண்ணீரை வெட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஓரளவு நியாயமானது இது ஒன்றே. 65 கிலோ பிரிவில் நிற்க வேண்டியவர் ஒரு வாரம் முன்பு 66 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. கார்ப் ஏற்றம் எடையைக் கூட்டும் என்பதையும், எடை பார்ப்பது முதல்நாளா அன்று காலையா என்பதையும் முன்பே கேட்டு, அதற்கும் இடம் விட்டுவையுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள் நார்ச்சத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பான வழி: கீரை, பயறு, பச்சைக் காய்கறிகளை நிறுத்திவிட்டு வெள்ளைச் சோறு, முட்டை, மீன். குடலில் தங்கும் கழிவு குறைந்து பலருக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கும். தசையும் இரத்தமும் அப்படியே இருக்கும்.

அதற்கும் வரவில்லை என்றால் மேல் பிரிவில் நில்லுங்கள். ரப்பர் உடை போட்டு ஓடுவது, நீராவி அறையில் உட்காருவது, எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது எதுவும் வேண்டாம். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைப்பதற்காகச் சூடான இடத்தில் வியர்வை வெளியேறாத உடையோடு பயிற்சி செய்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே அந்த உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது.

ஏற்கெனவே நீர் இழந்து எடை பார்த்துவிட்டவர், இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, பல மணி நேரத்தில் பிரித்துக் குடிக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் சொல்லியபடி சரியான அளவு நீரில் கரைத்துக் குடிப்பது நல்லது. இளநீர் நல்ல பானம்தான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுசெய்யாது.

ஆறாம் படி: மேடை நாள்

எழுந்ததும் உணவோடு 400 முதல் 500 மி.லி. அதன் பிறகு மணிக்கு 150 முதல் 200 மி.லி. வரை, சிறு மிடறுகளாக. டான் (மேடைக்காகத் தோலில் பூசும் பழுப்பு நிறப் பூச்சு) பூசிய பிறகு ஸ்ட்ரா வைத்துக் குடித்தால் மார்பில் சொட்டிக் கோடு விழாது. கழிப்பறைக்குப் போனால் டான் கலையும் என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு வழி, ஒரே மூச்சில் குடிக்காமல் பிரித்துக் குடிப்பதும், உங்கள் பிரிவு அழைக்கப்படுவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே பெரிய அளவுகளை முடித்துக்கொள்வதும்.

நிகழ்ச்சி நேரத்தை நம்பாதீர்கள். மாலை 5 மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். விருந்தினர் வந்து, சால்வை போர்த்தி, பேசி முடித்து உங்கள் பிரிவு மேடையேற இரவு 10 மணியும் ஆகலாம். 5 மணிக்கு என்று கணக்கிட்டுக் காலையிலேயே தண்ணீரை நிறுத்தியவர், திறந்தவெளிப் புழுக்கத்தில் இன்னும் ஐந்து மணி நேரம் காய்கிறார். மணிக்கு ஒருமுறை குடித்துவருபவருக்குத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

மேடைக்கு முக்கால் மணி நேரம் முன்பு பொரியோ பேரீச்சையோ தேனோ கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு, 200 மி.லி. தண்ணீர். பிறகு மிதமாக பம்ப் செய்யுங்கள். பிராந்தியோ ஒயினோ ஒரு வாய் குடித்தால் நரம்பு எழும்பும் என்பார்கள்; சோர்ந்திருக்கும் உடலில் மது இரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்றலைத்தான் கொண்டுவரும். போஸ் கொடுக்கும்போது மூச்சை முழுதாக அடக்காமல் சிறுகச் சிறுக விடுங்கள். நீர் குறைந்த உடலில் மூச்சையும் அடக்கினால் மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம் வரும்.

சிறுநீர் பெருக்கி மாத்திரைகள்

இந்தத் தலைப்பில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை: எடுக்காதீர்கள். ஃபுரோசமைடு நீரோடு சேர்த்துப் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழுத்துச் செல்கிறது. அதே நேரம் கார்ப் ஏற்றத்தால் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் மீதியிருக்கும் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் கால்கள் செயலிழந்து எழ முடியாமல் போகலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம். ஸ்பைரோனோலாக்டோன் இதற்கு எதிர்ப்புறம்: அது பொட்டாசியத்தைத் தேக்குகிறது. அதை விழுங்கிவிட்டு "தசைப்பிடிப்பு வராமல் இருக்க" என்று வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் மாத்திரையும் சேர்ப்பவரின் இதயம் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடலாம். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இந்த மருந்துகள் போட்டிக் காலத்தில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடைசெய்யப்பட்டவை. 1996 மிஸ்டர் ஒலிம்பியா என்ற உலக அளவிலான ஆணழகன் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்த நாசர் எல் சொன்பாதி இதற்காகவே தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

ஏழாம் படி: போட்டி முடிந்த வாரம்

பரிசளிப்பு முடிந்ததும் பிரியாணிக் கடைக்கு ஓடுவது இயல்பு. முதலில் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள், அரை மணி நேரம் பொறுத்துச் சாப்பிடுங்கள். மறுநாளிலிருந்து உங்கள் பழைய அளவுத் தண்ணீருக்கும் பழைய அளவு உப்புக்கும் திரும்புங்கள். உப்பும் கார்பும் ஒரேயடியாக ஏறினால் இரண்டு நாளில் எடை சில கிலோ கூடிக் கணுக்கால் வீங்கும். தண்ணீரையும் உப்பையும் வெட்டியிருந்தவர்களுக்கு இது கடுமையாக இருக்கும், ஏனென்றால் நீரைத் தேக்கும் ஹார்மோன்கள் அவர்கள் உடலில் இன்னும் உச்சத்தில் இருக்கின்றன. அந்த வீக்கத்தை மாத்திரையால் இறக்காதீர்கள். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுத்து, வழக்கமான உணவைத் தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வடிந்துவிடும். வடியவில்லை என்றாலோ ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கடைசி வாரத்திலோ போட்டிக்குப் பிறகோ நெஞ்சு படபடப்பு, கால் கை வலுவிழந்து எழ முடியாமை, நிற்காத வாந்தி, பேச்சில் குழப்பம், மயக்கம், கோலா நிறத்தில் சிறுநீர், அரை நாளாகச் சிறுநீரே வராமை இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள். என்னென்ன மாத்திரை, ஊசி எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தால் சொல்வதற்காக, கூட வரும் நண்பரிடமும் அந்தப் பட்டியலை முன்பே எழுதிக் கொடுத்துவையுங்கள்.